காருக்குப் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குவது எப்படி: முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கார் பட்டறை தொடங்குபவர்களுக்காகவும், சொந்தக் காரின் சக்கரத்தையும் பிரேக்கையும் தாமே கழற்றிப் பார்க்க விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இம்பாக்ட் ரெஞ்ச் என்பது உள்ளிருக்கும் சுத்தியலால் அடித்து அடித்துத் திருப்பி நட்டைக் கழற்றும், இறுக்கும் கருவி; பட்டறையில் இதைக் கன் என்பார்கள். எங்கள் பட்டறைக்கு ஒரு பேட்டரி கன் தேடியபோது, விலை குறைந்த ஒன்றின் பெட்டியில் முறுக்குவிசை 1,200 என்றும், அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள இன்னொன்றின் பெட்டியில் 330 என்றும் அச்சிட்டிருந்தார்கள். துருவேறிய சக்கர நட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது 330 என்று எழுதியிருந்ததுதான் கழற்றியது. பெட்டியில் உள்ள எண்ணுக்கும் நட்டில் நடப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதால், எந்த வரிசையில் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன்.

1. உங்களுக்கு வரப்போகும் மிகக் கடினமான நட்டு எது என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வண்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். சக்கர நட்டை எவ்வளவு முறுக்குவிசையில் (பட்டறையில் டார்க் என்பார்கள்) இறுக்க வேண்டும் என்பது நியூட்டன் மீட்டர் அளவில் அதில் இருக்கும். பழைய மாருதி ஸ்விஃப்டுக்கு 85, டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108, ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120 என்று ஏறத்தாழ ஒரே வட்டத்துக்குள்தான் இவை இருக்கின்றன. இதைப் பார்த்ததும் 150 நியூட்டன் மீட்டர் கருவியே போதுமே என்று தோன்றும். ஆனால் பஞ்சர் கடையில் காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னால் கணக்கில்லாமல் இறுக்கப்பட்ட நட்டும், இரண்டு மழைக்காலம் கழற்றப்படாமல் துருவேறிய நட்டும், கையேட்டு அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை கேட்கும். சக்கரம், பிரேக் காலிப்பர், ஷாக் அப்சார்பர் வரை மட்டும் வேலை செய்வதாக இருந்தால், நம்பத்தகுந்த நிறுவனத்தின் கணக்கில் 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கும் திறனுள்ள கருவி போதுமானது என்பது என் முடிவு. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்கள் இதற்கு மேல் போகத் தேவையில்லை.

இதைத் தாண்டும் வேலைகள் சில உண்டு. முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் நட்டுக்கு 30 அல்லது 32 மில்லிமீட்டர் போன்ற பெரிய சாக்கெட் (நட்டின் மேல் பொருந்தும் குழல்) வேண்டும். பல கார்களில் அதன் இறுக்கம் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். எஞ்சினின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிராங்க் புல்லி போல்ட் அதைவிடப் பிடிவாதமானது, ஹோண்டா எஞ்சின்களில் சொல்லவே வேண்டாம். இவை அடிக்கடி வரும் பட்டறை என்றால் 700 முதல் 1,000 வரையிலான கருவியைப் பார்க்கலாம். அதை வாங்கினால் சிறிய போல்ட்டுகளுக்கு இன்னொரு சிறிய கருவியும் வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இருசக்கர வாகனம் மட்டும் பார்ப்பவர்களுக்கு முற்றிலும் வேறு கணக்கு. பைக், ஸ்கூட்டரில் பெரும்பாலான போல்ட்டுகள் 10 மில்லிமீட்டர் தலையுள்ள எம்6 (6 மில்லிமீட்டர் தண்டு) வகை; அவற்றின் இறுக்கம் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். 400 நியூட்டன் மீட்டர் கருவியை அவற்றின் மேல் வைத்தால் ஒரு நொடிக்குள் தலை அறுந்து, மரை அலுமினிய உறைக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்கூட்டரின் வேரியேட்டர் நட்டு, கிளட்ச் நட்டு ஆகியவற்றுக்காகத்தான் அங்கே இம்பாக்ட் தேவைப்படுகிறது. அதற்கு 12 வோல்ட் வகையில் வரும் சிறிய 3/8 இஞ்ச் கருவி (இது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) பொருத்தமானது. லாரி, பேருந்துச் சக்கரங்களுக்கு அரை இஞ்ச் பேட்டரி கன்னை நினைக்கவே வேண்டாம். அங்கே நட்டு 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்படுவதால் முக்கால் இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச் கருவிதான் வேண்டும். ஏற்கெனவே கம்ப்ரசர் வைத்திருக்கும் லாரிப் பட்டறைக்கு ஏர் கன்னே மலிவு.

2. பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நல்ல நிறுவனங்கள் இரண்டு எண்களைத் தருகின்றன. ஒன்று கருவி ஒரு நட்டை எவ்வளவு இறுக்கும் என்பது. மற்றது இறுகிக் கிடக்கும் நட்டை அசைத்துக் கழற்ற எவ்வளவு விசை தரும் என்பது. இரண்டாவது எண் எப்போதும் பெரியதாக இருக்கும். போஷ் ஜிடிஎஸ் 18வி-400 கருவிக்கு இவை 400, 650. மக்கீட்டா டிடிடபிள்யூ 300 கருவிக்கு 330, 580. மக்கீட்டா டிடிடபிள்யூ 1002 கருவிக்கு 1,000, 1,600. ஒரு கருவியின் இறுக்கும் எண்ணையும் இன்னொன்றின் கழற்றும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான கருவிதான் வீட்டுக்கு வரும். விற்பவர் ஒரே ஒரு பெரிய எண்ணை மட்டும் சொன்னால், அது எந்த எண் என்று கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் நிறுவனத்தின் தளத்தில் உள்ள விவரப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலே இல்லாத பெயர் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

அலகையும் கவனியுங்கள். 300 அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 407 நியூட்டன் மீட்டர். பழைய கையேடுகளில் வரும் 10 கிலோகிராம்-மீட்டர் (kgf-m) என்பது 98 நியூட்டன் மீட்டர். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

எந்த எண்ணும் முழுதாக நட்டுக்குப் போய்ச் சேராது. சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவே நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டினால் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கம்பி சற்றே முறுக்கிக்கொண்டு விசையை விழுங்கிவிடும். அளவு மாற்றும் அடாப்டரும், தலை அசையும் சாக்கெட்டும் அதையே செய்யும். பேட்டரி பாதிக்குக் கீழே போனாலும் அடி தளரும். தேவைக்கு மேல் சற்றுக் கூடுதலாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

3. முனையின் அளவையும் தலையின் நீளத்தையும் பாருங்கள்

காருக்கு அரை இஞ்ச் சதுர முனையே வழக்கம். அந்த முனையில் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு முறைகள் உண்டு: சுற்றிலும் ஒரு வளையம், அல்லது பக்கவாட்டில் ஒரு சிறு முள். வளையம் உள்ளதில் சாக்கெட்டை இழுத்தால் வந்துவிடும்; வேலையில் அடிக்கடி அளவு மாற்றுபவர்களுக்கு அதுவே வசதி. முள் உள்ளதில் சாக்கெட் விழாது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதை அழுத்திக் கழற்ற வேண்டும். உயரத்தில் நின்று இரும்புக் கட்டமைப்பு வேலை செய்பவர்களுக்கு அது தேவை; கார் பட்டறைக்கு வளையம் போதும்.

கடையில் கேட்கும்போது ‘இம்பாக்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சுவரில் ஓட்டை போடும் இம்பாக்ட் டிரில்லையோ, திருகாணி முடுக்கும் இம்பாக்ட் டிரைவரையோ எடுத்து வைத்துவிடுவார்கள். இம்பாக்ட் டிரைவரின் கால் இஞ்ச் அறுகோண முனையில் அடாப்டர் போட்டுச் சாக்கெட் மாட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சக்கர நட்டில் அந்த அடாப்டர்தான் முதலில் முறியும்.

கருவியின் தலை நீளம் விவரப் பட்டியலில் மில்லிமீட்டரில் இருக்கும். நடுத்தர வகைகளில் 150-ஐ ஒட்டியும், பெரியவற்றில் 200-ஐத் தாண்டியும் இருக்கும். அதோடு ஆழமான சாக்கெட்டின் நீளத்தைக் கூட்டி, சக்கர வளைவுக்குள் அது நுழையுமா என்று அளந்து பாருங்கள். பெரிய வகைக் கருவிகள் பேட்டரியோடு 3 கிலோவுக்கு மேல் வருகின்றன. குனிந்தபடி நாளெல்லாம் தூக்குபவருக்கு இது சிறிய விஷயம் ஆகாது.

4. பேட்டரியைப் பற்றி முடிவெடுங்கள்

பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

18 வோல்ட் பேட்டரிக்குள் வரிசையாக இணைக்கப்பட்ட 5 லித்தியம் செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட். 3.6-ஐ 5 ஆல் பெருக்கினால் 18, 4.2-ஐப் பெருக்கினால் 21. ஆகவே ஒரு நிறுவனத்தின் ‘18 வோல்ட்’, இன்னொன்றின் ‘20 வோல்ட்’, மற்றொன்றின் ‘21 வோல்ட்’ எல்லாம் ஒரே பேட்டரிதான். இணையச் சந்தையில் 48, 88, 128 என்று பேட்டரியின் மேல் எழுதி விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் இதே 5 செல் வரிசைதான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது கொள்ளளவு. இதைச் சோதிக்கச் சமையலறைத் தராசே போதும். பரவலாகப் பயன்படும் 18650 செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ளது. 5 ஆம்பியர்-மணி பேட்டரியை இந்தச் செல்களால் செய்ய 10 செல்கள் வேண்டும். செல்கள் மட்டுமே 450 கிராம். உறையும் மின்பலகையும் சேர்ந்தால் 600 கிராமை ஒட்டி வரும். சற்றுப் பெரிய 21700 செல் 5 மட்டும் வைத்துச் செய்த 4 ஆம்பியர்-மணி பேட்டரி 500 கிராம் அளவில் இருக்கும். பெரிய கொள்ளளவு எழுதியிருந்தும் 350 கிராம் மட்டுமே இருக்கும் பேட்டரிக்குள் 5 சிறிய செல்கள்தான் இருக்கின்றன. உண்மைக் கொள்ளளவு பெரும்பாலும் 2 ஆம்பியர்-மணியை ஒட்டியே இருக்கும்.

கொள்ளளவு பெரியதாக இருந்தால் அதிக நேரம் ஓடும் என்பதோடு, அடியும் பலமாக இருக்கும். செல்கள் இரட்டை வரிசையில் இருக்கும்போது மின்னோட்டம் பகிர்ந்துகொள்ளப்படுவதால், கடினமான நட்டில் கருவி கேட்கும் மின்னோட்டத்தைப் பேட்டரியால் தளராமல் தர முடியும். 400 நியூட்டன் மீட்டர் கருவியை 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டிவிட்டுப் பலம் இல்லை என்று குறை சொல்பவர்கள் ஏராளம். 4 அல்லது 5 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வாங்குங்கள். பட்டறைக்கு இரண்டு, வீட்டுக்கு ஒன்று போதும்.

சார்ஜ் ஏறும் நேரத்தைக் கணக்கிட, பேட்டரியின் ஆம்பியர்-மணியைச் சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து, அதோடு சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். 4 ஆம்பியர்-மணிப் பேட்டரி 2 ஆம்பியர் சார்ஜரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 6 ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். தொகுப்போடு இலவசமாக வருவது பெரும்பாலும் மெதுவான சார்ஜர்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பேட்டரி டிரில்லோ கிரைண்டரோ இருந்தால், அதே வரிசையில் பேட்டரி இல்லாத வெறும் ரெஞ்ச்சை வாங்குவதே சிக்கனம். பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

5. மோட்டாரும் வேகப் பொத்தானும்

கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரையே வாங்குங்கள். தேய்வதற்குப் பிரஷ் இல்லை, சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேலை நடக்கும். வேகம் மாற்றும் பொத்தான் குறைந்தது மூன்று நிலையாவது இருக்கட்டும். கழற்றும்போது நட்டு தளர்ந்தவுடன் தானே நின்றுவிடும் வசதி சில கருவிகளில் உண்டு. நட்டு தெறித்து வாகனத்துக்கு அடியில் உருளாமல் இருக்க அது உதவும்.

6. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

இதை எழுதும் நேரத்தில், தெரிந்த நிறுவனத்தின் நடுத்தர வகை ரெஞ்ச் பேட்டரி இல்லாமல் ஏறத்தாழ 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் அதே அளவுத் தொகை இன்னொரு முறை ஆகும். பெயர் தெரியாத தொகுப்புகள் 5,000 ரூபாயை ஒட்டியே தொடங்குகின்றன. ஆண்டுக்கு நான்கைந்து முறை சக்கரம் கழற்றுபவருக்கு அவை ஓரளவு உதவலாம். தினமும் ஓட்டும் பட்டறைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பேட்டரி போனால் மாற்றுப் பேட்டரி கிடைக்காது.

கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுச் சாக்கெட்டை மறந்துவிடாதீர்கள். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் சாதாரணக் கைச் சாக்கெட்டுகளை இம்பாக்ட் கருவியில் மாட்டவே கூடாது; அடியில் அவை வெடித்துச் சிதறும். கறுப்பு நிறத்தில் வரும் குரோம்-மாலிப்டினம் எஃகு இம்பாக்ட் சாக்கெட்டுகள்தான் வேண்டும், அதிலும் உள்ளே ஆறு முனை உள்ளவை. சக்கரத்துக்கு 17, 19, 21 மில்லிமீட்டர் அளவுகள் பெரும்பாலான கார்களுக்குப் போதும்: மாருதியிலும் ஹோண்டாவிலும் 19, டொயோட்டாவிலும் ஹூண்டாயிலும் 21, ஃபோக்ஸ்வாகனில் 17 என்பது வழக்கம். அலாய் சக்கரங்களுக்கு வெளியே பிளாஸ்டிக் உறையுள்ள மெல்லிய சாக்கெட்டுகளை வாங்கினால் கீறல் விழாது. இத்தகைய தொகுப்புக்கு 2,500 முதல் 4,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள்.

அடுத்தது, பலரும் தவிர்க்கப் பார்க்கும் செலவாகிய டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த முறுக்குவிசைக்கு இறுக்க உதவும் கைக் கருவி. இம்பாக்ட் கருவி கழற்றுவதற்கானது. இறுக்கும்போது நட்டைக் கையால் மரையில் ஏற்றி, கருவியின் மிகக் குறைந்த வேகத்தில் உட்கார வைத்துவிட்டு, கடைசி இறுக்கத்தைக் கையேட்டு அளவில் டார்க் ரெஞ்ச்சால் கொடுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) நீண்டுவிடும், பிரேக் டிஸ்க் சீரற்று அழுந்தும், வழியில் பஞ்சரானால் வண்டியோடு வரும் எல் வடிவ ஸ்பேனரால் உரிமையாளரால் கழற்றவே முடியாது. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் 3,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது.

கண்ணாடியும் காதடைப்பானும் பெரிய செலவில்லை. மூடிய கொட்டகையில் இம்பாக்ட் ஓசை 100 டெசிபலை நெருங்கும்.

7. எங்கே வாங்குவது, என்னென்ன ஆவணம் கேட்பது

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதை அதற்கு முன்பே பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைக் கடைகளில் நேரில் எடுத்துப் பிடித்துப் பார்க்கலாம். சிறிய ஊரில் இருப்பவர்கள், பழுதான கருவியை அனுப்பித் திரும்பப் பெற எத்தனை வாரம் ஆகும் என்று சர்வீஸ் சென்டரையே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

பில்லில் கருவியின் மாடல் பெயரும் வரிசை எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் ‘இம்பாக்ட் மிஷின் 1’ என்று எழுதிய சீட்டை வாரண்டிக்கு ஏற்கமாட்டார்கள். கருவிக்கும் பேட்டரிக்கும் வாரண்டிக் காலம் தனித்தனியாக இருக்கலாம்; ஆறு மாதம் மட்டும் தரும் நிறுவனங்களும், குறிப்பிட்ட கெடுவுக்குள் தளத்தில் பதிவு செய்தால் அதை நீட்டித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. வாங்கிய அன்றே பதிவு செய்து, பில்லைப் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். இந்தக் கருவிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முறையான ஜிஎஸ்டி பதிவுள்ள பட்டறை என்றால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணை பில்லில் போடச் சொல்லி உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவருவதாகச் சொன்னால் மூன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் விற்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை. நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைந்துவிடும். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் சார்ஜரில் இந்தச் சிக்கல் இல்லை, பிளக் மட்டும் மாறும். அங்கே தரும் வாரண்டி இங்கே செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி, பெரும்பாலும் செல்லாது. மூன்றாவது விமானப் பயணம்: தனியாக உள்ள லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், கருவியோ பெட்டிக்குள் போக வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி 90 வாட்-மணி என்பதால் விமான நிறுவனங்களின் 100 வாட்-மணி வரம்புக்குள் வரும். 6 ஆம்பியர்-மணி 108 ஆகிவிடும். அதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

8. திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்

இணையத்தில் வாங்கினால் மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். பெட்டி வந்த அன்றே திறப்பதைக் காணொளியாக எடுத்து, வரிசை எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேட்டரியை எடை போடுங்கள். பிறகு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வண்டி தரையில் நிற்கும்போதே, எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், டார்க் ரெஞ்ச்சால் சரியான அளவுக்கு இறுக்கிய சக்கர நட்டு ஒன்றைக் கழற்றுங்கள். நல்ல நடுத்தரக் கருவி இரண்டு மூன்று நொடிக்குள் அதைத் தளர்த்திவிடும். பத்து நொடி அடித்தும் அசையவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்டிய பின் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உள்ளே இருக்கும் செல்கள் தரமற்றவை.

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கின் மேல் மட்டும் வண்டி நிற்கும்போது இந்தக் கருவியை இயக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்கும் செலவையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி, பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள்; சித்திரை வெயிலில் மூடிய காரின் டிக்கிக்குள் அதை விட்டுவைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போடாமலும் குப்பையில் எறியாமலும் விற்ற நிறுவனத்தின் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.